குண்டத்துக் கரி

கால்மாட்டுல உக்காராதீங்க தம்பி. இக்கட்ட, தலைமாட்டுப் பக்கமா ஸ்டூலைப் போட்டுக்குங்க. உங்கப்பாருக்கு இப்பத்தான் ஊசி போட்டிருக்காங்க, இனி சாங்காலம்தான் கண்ணு முழிப்பாரு. குடலிறக்கந்தானுங்களே? அது சின்ன வேலைங்க. அஞ்சாம் நாளு வூட்டுக்குத் தாட்டி விட்டுருவாங்க. வெசனப்படாம உக்காருங்க.

மூக்கைப் பொத்தோணும்னா பொத்திக்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். அந்த நாத்தம் கக்கூசுல இருந்து வருதுங்க. என்ற கால்ல இருந்து வருதுன்னு நர்சம்மா சொல்லுது. எனக்கொண்ணும் அப்படித் தெரியலை.

சட்டைப் பையில பேனா வெச்சிருக்கீங்களே, வாத்தியாருங்களா? ஓ, ரேசன் கடைங்களா. நல்லதுங்க. இப்பெல்லாம் பேனா வெச்சிருக்கற ஆளையே காணோம். இந்தத் தலகாணிக்கடியில ஒரு பேப்பர் இருக்குது பாருங்க. அதுல கையெழுத்துப் போடோணும். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்னு டாக்டர் சொல்லீட்டுப் போயிருக்காரு. இப்ப மணி எத்தனைங்க? ரெண்டே முக்காலா. செரி.

காலை எடுக்கோணுமாமுங்க. எடது காலு. நாளைக்குக் காலம்பர எடுத்தா மொழங்காலுக்குக் கீழ எடுத்தாப் போதுமாமா. ரெண்டு நாளு தள்ளுனா தொடையோட எடுக்கோணுமாமா. அதுக்கும் மேல தள்ளுனா எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லை, ஆளே போயிருவீங்கங்கறாரு. கறிக்கடையில அளவு சொல்றாப்பல சொல்றாரு. சின்ன வயசு டாக்டருங்க. என்ற மகளை விட ரெண்டு வயசு கம்மியாத்தான் இருக்கோணும்.

என்ற பேரு சென்னியப்பன். கரட்டுப்புதூரு. முப்பது வருசம் பால் சொசைட்டில அளவைக்காரனா இருந்தேன். ஆனா அந்தப் பக்கம் வந்து பால் சொசைட்டி சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாதுங்க. குண்டத்துக்காரர் வூடு எங்கன்னு கேக்கோணும். கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க.

எங்கூரு மாரியாத்தாளுக்குப் பங்குனில நோம்பி. நாப்பதடி நீளத்துக்குக் குண்டம் வெட்டி, வேம்பும் ஊஞ்ச மரமும் வண்டி வண்டியா அடுக்கிப் பத்த வெச்சு, விடியறப்ப நெருப்பைத் தட்டிச் சமமாப் பரப்பிப்போடுவாங்க. பக்கத்துல நின்னா மொகத்து மசுரு கருகும். மொதல்ல பூசாரி எறங்குவாரு. அடுத்தது நானு. பதினேழு வருசமா ரெண்டாவது ஆளு நாந்தான். எனக்குப் பொறவுதான் மத்த சனமெல்லாம்.

மத்தவங்க ஓடுவாங்க தம்பி. நீங்களும் பாத்திருப்பீங்க. ஆத்தா, தாயேன்னு கத்திக்கிட்டு நாலு எட்டுல கரை ஏறிருவாங்க. நான் ஓட மாட்டேன். நடப்பேன். நட்ட நடுவுல நின்னு, கோபுரத்தைப் பாத்துக் கும்புட்டுப்போட்டு, பொறவு நடப்பேன். சனமெல்லாம் அப்படியே மூச்சுப் புடிச்சிட்டு நிக்கும்.

மொதல்ல எல்லாம் எனக்கும் சுட்டுதுங்க. பொய் சொல்லப்படாது. எட்டொம்பது வருசம் நானும் ஓடுனவந்தான். கரை ஏறுனதும் பால் ஊத்தி வெச்சிருக்கற குழியில காலை வெச்சா சொர்க்கம் தெரியும். அந்த ஒம்பதாம் வருசம் என்னாச்சுன்னா, எறங்குனேன், ஒண்ணும் தெரியலை. சுடலை. ஈரத் துணி மேல நடக்கறாப்பல இருந்துது. நடுவுல நின்னுட்டேன். நின்னும் தெரியலை. கரை ஏறி உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன் தம்பி. ஆத்தா என்னை எடுத்துக்கிட்டா, கால்ல இருந்து ஆரம்பிச்சு எடுத்துக்கிட்டான்னு சொல்லிச் சொல்லி அழுதேன். அன்னிக்கு எங்கூருல அழுவாத ஆளில்லை.

அதே வருசம் ஆடி மாசம்னு நெனைக்கறேன், சொசைட்டில ஒரு மருத்துவ முகாம் போட்டாங்க. ரத்தத்தை எடுத்துப் பாத்துப்போட்டு, சர்க்கரை முந்நூத்தி எம்பதுன்னு சொல்லி ஒரு பொட்டலம் மாத்திரை குடுத்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துது. நான் காப்பிக்கே சர்க்கரை போடறதில்லைங்க. இருந்தாலும் நானா முடிவு பண்ணப்படாதுல்ல? ஆத்தா முன்னால பூவாக்கு கேட்டேன். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தாத் திங்கறது, செவப்பு வந்தா வேண்டாம். செவப்பு வந்துது. மாத்திரையைக் கொண்டுபோயி வாழைக்குழியில போட்டு மூடிட்டேன். 

அந்த வருசமே செருப்பையும் விட்டுட்டேன். ஆத்தா எடுத்துக்கிட்ட காலுக்குத் தோல் எதுக்குங்க? எட்டு வருசமாச்சு. வெயிலு, முள்ளு, தாரு ரோடு, எதுவும் எனக்கில்லை. நோம்பி அன்னிக்குப் பொம்பளைங்க மஞ்சத்தண்ணியைக் கொண்டாந்து என்ற கால்ல ஊத்தி, அதைச் சொம்புல புடிச்சிட்டுப் போவாங்க. நான் வேண்டாம் சாமீன்னுதான் சொல்லுவேன். எங்க கேக்கறாங்க. காலை இழுத்தா அழுவறாங்க. அதனால நீட்டிருவேன்.

வெள்ளிக்கெழமையானா கோயில் மண்டபத்துல பத்து இருவது பேரு உக்காருவாங்க. எனக்குப் படிப்பெல்லாம் கம்மிங்க. ஆனா பேச்சு வரும். நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். உடம்புங்கறது வாடகை வூடு. ஆத்தாதான் ஓனரு. ஓடு ஒழுவுதா, செவுரு விரியுதா, அது ஓனரு பாடு. குடியிருக்கறவன் எதுக்கு அழுவோணும்? காலி பண்ணுன்னா பாயைச் சுருட்டிட்டுக் கெளம்பிரோணும். இதைக் கேட்டு எத்தனை பேரு மனசு தேறியிருக்காங்க தெரியுங்களா? காலேஜ் படிச்சவங்க எல்லாம் வந்து கேட்டிருக்காங்க.

எங்கூட்டுக்காரி மட்டும் மண்டபத்துக்கு வர மாட்டா. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்பா. பாவாத்தான்னு பேரு. இப்ப ஃபிளாஸ்க்கை எடுத்துட்டு டீ வாங்கப் போயிருக்கறா பாருங்க, பச்சைச் சீலை, ஒல்லியா. அவதான்.

இத்தனை தூரத்துக்கு வந்ததுக்கு ஆணிதான் காரணம். ஒரு துருப்புடிச்ச ஆணி.

நோம்பிக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்னால காப்புக் கட்டுவாங்க. இந்தாங்க, இந்தக் கயிறுதான். மஞ்சக் கிழங்கு வெச்சுக் கட்டறது. கட்டியாச்சுன்னா ஊரு எல்லையைத் தாண்டப்படாது. சாவு வூட்டுக்குப் போகப்படாது, பாயில படுக்கப்படாது. நோம்பி முடிஞ்சு எட்டாம் நாளு மறுபூசையில பூசாரி அவுத்து விடற வரைக்கும் இந்த உடம்பு நம்முதில்லை. ஆத்தாளுது.

காப்புக் கட்டி ஒம்பதாம் நாளு, நான் தீர்த்தம் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டு உள்ள வந்தேன். பாவாத்தா எனக்குப் பின்னால வந்தவ அப்படியே நின்னுட்டா. "ஏனுங்க, திரும்பிப் பாருங்க"ன்னா. சிமெண்டுத் தரையில என்ற காலடி பதிஞ்சிருக்குது. வலது காலு மஞ்சத்தடம். எடது காலு செவப்புத்தடம். வாசல்ல இருந்து சாமி ரூமு வரைக்கும் மஞ்சளும் செவப்பும் மாறி மாறி வருது. உக்கார வெச்சுக் காலைத் தூக்கிப் பாத்தா, ஆணி. தலை மட்டுந்தான் வெளிய தெரியுது. கொறடை வெச்சு அவதான் புடுங்குனா. ரெண்டங்குலம் இருக்குமுங்க. துருவைப் பாத்தா மூணு நாளாவது உள்ள இருந்திருக்கோணும்னு சொன்னா. மூணு நாளா அதோடதான் அபிசேகத்துக்குத் தண்ணி எடுத்திருக்கறேன், ஆத்தா முன்னால ஆடியிருக்கறேன்.

வலிக்கவே இல்லைங்களா, வலிக்கவே இல்லைங்களான்னு நாலு தடவை கேட்டா. இல்லைன்னேன். அவ மொகம் வெளுத்துப் போச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அந்த ஆணியை எடுத்துட்டுப் போயி மண்டபத்துல காட்டுனேன். பூசாரி வாங்கிச் சூலத்துக்குப் பக்கத்துல வெச்சாரு. சனமெல்லாம் கன்னத்துல போட்டுக்கிச்சு.

மஞ்சளும் வேப்பலையும் அரைச்சுப் புண்ணுல அப்பிட்டு அந்தக் காலோடயே குண்டம் எறங்குனேன். பாவாத்தா வேண்டாம்னா. இந்த ஒரு வருசம் விட்டுருங்கன்னா. காப்புக் கட்டுன கையோட எறங்காம இருக்க முடியுமுங்களா? ரெண்டாவது ஆளு எங்கன்னு சனம் தேடுமுங்களே.

குண்டம் எறங்கி மூணாம் நாளு பெருவிரலு கருப்பா இருந்துது. குண்டத்துக் கரின்னு நெனைச்சேன். தேங்கா நாரை எடுத்துச் சாம்பலைத் தொட்டுத் தேச்சேன். போகலை. மறுநாளும் தேச்சேன். ஒரு அம்மா சீக்குக் கொழந்தையைத் தூக்கிட்டு வந்துது. என்ற கால்ல இருந்த கரியை விரல்ல தொட்டு, கொழந்தை நெத்தியில வெச்சுட்டுப் போச்சு. நானும் பேசாம உக்காந்திருந்தேன். ஆறாம் நாளு பாத்தா கரி பொறங்காலு வரைக்கும் வந்திருச்சு.

கரி ஏறுமுங்களா தம்பி? ஏறாதுன்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனாலும் தேச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஏழாம் நாளு என்ற மக வந்துட்டா. கோகிலா. திருப்பூருல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஓட்டை எங்க இருக்குதுன்னு பாக்கறதே அவளுக்குப் பொழப்பு. வூட்டுக்குள்ள காலை வெச்சதும் மூக்கைச் சுளிச்சா. போர்வையைத் தூக்குனா. வெளிய போயி போனைப் பண்ணிக் காரை வரவெச்சுட்டா. நாளைக்கு மறுபூசை, காப்பு அவுத்துட்டு வாறேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். பெத்த மகளைக் கும்புட்டேன். டிரைவரும் அவளுமா என்னைத் தூக்கிப் பின் சீட்டுல போட்டாங்க. எல்லைக்கல்லு கிட்ட வரவும் கதவைத் தொறக்கப் பாத்தேன். லாக் போட்டுப்போட்டா. பதினேழு வருசத்துல காப்புக் கையோட எல்லை தாண்டுனது அன்னிக்குத்தான். கண்ணாடிக்குள்ள இருந்து கல்லு போறதைப் பாத்துக்கிட்டே போனேன். இப்ப இந்தக் கட்டிலு. எறங்க முடியாது, ஒருக்களிக்க முடியாது. ஒரு கையில கயிறு, ஒரு கையில குளுக்கோஸ் ஊசி.

டாக்டர் பண்ணுன வேலையைக் கேளுங்க. அதுதான் எனக்கு ஆறலை. எடது காலைப் பாத்து முடிச்சுட்டு, வலது காலையும் பாக்கோணும்னாரு. வலதுல ஒண்ணுமில்லையேன்னேன். இல்லைங்க, உணர்ச்சி இருக்குதான்னு பாக்கோணும், கண்ணை மூடிக்குங்கன்னாரு. தூண்டில் நரம்பாட்டம் ஒண்ணு வெச்சிருந்தாரு. இதை வெச்சு அங்கங்க தொடுவேன், தொட்டது தெரிஞ்சா சொல்லுங்கன்னாரு. கண்ணை மூடுனேன். "இப்பத் தெரியுதுங்களா?"ன்னாரு. தெரியுதுன்னேன். "இப்ப?" தெரியுதுங்க. "இங்க?" நல்லாத் தெரியுதுங்க. "இந்த விரல்ல?" லேசாக் கூசுதுங்கன்னேன். ஏழெட்டுத் தடவை ஆச்சு. கண்ணைத் தொறங்கன்னாரு. தொறந்தா அந்த நரம்பு அவரு பாக்கெட்டுல இருக்குது. கையைக் கட்டிட்டு நிக்கறாரு. "நான் இன்னும் தொடவே இல்லீங்க ஐயா"ங்கறாரு.

படிச்ச மனுசன் செய்யற வேலைங்களா இது? வயசானவனைக் கண்ணை மூடச் சொல்லி ஏமாத்தறதா?

பாவாத்தா பக்கத்துல நின்னுட்டிருந்தா. முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டா. சிரிக்கறான்னு நெனைச்சு எனக்குக் கோவம் வந்துது. பொறவு பாத்தா அது சிரிப்பில்லைங்க.

இந்தப் பேப்பர்ல அவளும் கையெழுத்துப் போடலாமுங்க. கட்டுன பொண்டாட்டி போட்டாச் செல்லும், நர்சம்மாவே சொல்லுச்சு. அவ போட்டா வேலை முடிஞ்சுது. நான் பாட்டுக்குக் கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன், அவங்க பாட்டுக்குச் செய்யறதைச் செய்யட்டும். ஆனா போட மாட்டேங்கறா தம்பி. ரெண்டு நாளா இதுதான் சண்டை. மக போடறேங்கறா, அவளையும் போட விட மாட்டேங்கறா. "அப்பா புத்தி தெளிஞ்சு இருக்கறப்ப நாம எதுக்குப் போடோணும்? அவரு உடம்பு, அவரே போடட்டும்"ங்கறா. புருசன் காலு அழுவிக்கிட்டு இருக்குது, பொண்டாட்டி சட்டம் பேசறா. இப்படி ஒரு பிடிவாதத்தை முப்பத்தாறு வருசத்துல நான் கண்டதில்லைங்க.

காப்பு இருக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். ஞாயந்தானுங்களே? காப்பு அவுக்காத வரைக்கும் இது ஆத்தா உடம்பு. ஆத்தா காலை வெட்டறதுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? அதுக்கும் வழி பண்ணீட்டா. பூசாரிக்குப் போனைப் போட்டுக் காதுல வெச்சா. அந்தாளு, "சென்னியப்பா, உன்ற பேரைச் சொல்லி மறுபூசையில சூலத்துக்குக் கயிறு சுத்தியாச்சு. உன்ற கையில இருக்கறது இனி வெறுங்கயிறு. பொண்டாட்டியை அவுக்கச் சொல்லிப்போட்டு டாக்டர் சொல்றதைக் கேளு"ன்னு சொல்லிப்போட்டாரு. கூடவே, அவரும் பத்து வருசமாச் சர்க்கரைக்கு மாத்திரை திங்கறாராமா. அதையும் சொல்றாரு. தலைக் குண்டம் எறங்கற ஆளுங்க தம்பி! மாத்திரை தின்னுட்டு எறங்கியிருக்கறாரு. அதுதான் ஒவ்வொரு வருசமும் அந்த ஓட்டம் ஓடுனாரு. காலு நல்லா இருந்திருக்குது, சுட்டிருக்குது, ஓடியிருக்கறாரு.

என்ன சொல்லீட்டிருந்தேன்? ஆமா, பாவாத்தா.

அவளுக்கும் ஒரு ஆப்பரேசன் ஆச்சுங்க. அஞ்சு வருசம் முன்னால. மாருல கட்டி. நெல்லிக்காயாட்டம். அவளுக்கும் எடது பக்கந்தான். எடுத்துரோணும்னுட்டாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல பெஞ்சுல உக்காந்துட்டு, "ஆத்தாகிட்ட ஒருக்கா பூவாக்கு கேட்டுப் பாக்கலாமுங்க"ன்னா. இதுக்கெல்லாம் ஆத்தாளைத் தொந்தரவு பண்ணப்படாது, இது வெறும் ஊனு, சதை, அதுக்கு டாக்டர் இருக்கறாருன்னு சொன்னேன். ஒரு வாரம் தவணை கேக்கலாமான்னா. எதுக்குன்னேன். சும்மாதான்னா. வாடகை வூட்டுல ஒரு சன்னலு போனா என்ன பாவாத்தா, காத்து நல்லா வரும்னு சொன்னேன். பேனாவை வாங்கி நானே கையெழுத்துப் போட்டேன். அஞ்சு நிமிசம்கூட ஆகலைங்க. அத்தனை தைரியமா இருந்தேன். டாக்டரே, உங்களாட்டம் புருசன் வேணும்னு பாராட்டுனாரு.

இருவதாம் நாளு பால் கறக்க உக்காந்துட்டா. பாருங்க, அத்தனை லேசாத் தேறிட்டா. நம்ம வார்த்தைக்கு ஒரு பலன் இருக்குதுல்ல?

நேத்து மத்தியானம் அவகிட்டக் கெஞ்சுனேன். போட்டுரு பாவாத்தா, என்னால முடியலைன்னேன். அவ கஞ்சியை ஆத்திக்கிட்டே சொல்றா, "வாடகை வூடுன்னு ஊருக்கே சொன்னீங்க. ஒரு ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க. அதுக்கு இந்தப் பாடு படறீங்களே." சிரிக்காமச் சொல்றா. கஞ்சியை ஊதி ஊதி வாயில வெக்கறா, இதையும் சொல்றா.

மணி என்னாச்சு? மூணரையா?

தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நாளைக்கு நீங்க ஆரோ, நான் ஆரோ. காலு போறதுக்கு நான் அழுவலை. நெசமா அழுவலை. ஒரு பக்கெட்டுல போட்டு எடுத்துட்டுப் போவாங்க, போகட்டும். ஆனா கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்? அந்த டாக்டர் சொன்னது நெசம்னு அர்த்தம். எட்டு வருசமா நரம்பு செத்துக் கெடந்துதுன்னு அர்த்தம். அப்ப அன்னிக்கு நான் கரையில உக்காந்து அழுதது எதுக்குங்க? குண்டத்து நடுவுல நின்னு கும்புட்டது ஆருங்க? செத்த காலை வெச்சுட்டு நெருப்புல நிக்கறதுக்கு பக்தி எதுக்கு, அடுப்புல வெக்கற வெறகுகூடத்தான் நிக்குது. அந்தக் காலோட என்ற எட்டு வருசத்தையும் சேத்து எடுத்துட்டுப் போறாங்க தம்பி. அதுதான் எனக்குத் தாங்கலை. அந்தக் கொழந்தை நெத்தி வேற கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஒரு உதவி பண்ணுங்க. வலது காலு இருக்குது பாருங்க, போர்வைக்கு வெளிய. அது நல்ல காலு. டாக்டர் தொடாமத்தானே ஏமாத்துனாரு? நீங்க நெசமாத் தொடுங்க. நான் கண்ணை மூடிக்கறேன். உங்க இஷ்டத்துக்கு எப்ப வேணா, எங்க வேணா தொடுங்க. தெரிஞ்சாத் தெரியுதும்பேன். இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். ஆத்தா மேல ஆணை. இந்தக் காலுக்குத் தெரிஞ்சுதுன்னா எடது காலுக்கும் தெரிஞ்சிருக்கோணும். அப்ப அந்த எட்டு வருசம் ஆத்தா குடுத்ததுதான். தெரியாமப் போச்சுன்னா... போகாதுங்க. தொடுங்க. கால்மாட்டுக்குப் போங்க. கூச்சப்படாதீங்க, இந்தக் காலை எத்தனையோ பேரு தொட்டிருக்காங்க.

மூடிக்கிட்டேன்.

இன்னும் தொடலை. தெரியுதுங்க, இன்னும் தொடலைன்னு.

பாவாத்தாளைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். கண்ணை மூடிட்டுச் சொல்றது சுலபமா இருக்குது. அவ ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கு, ரூமுல செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னு ரவிக்கை மாத்துனா. நான் வெத்தலையை எடுக்க உள்ள போனவன். காலடி கேட்டுத் திரும்புனா. மறைக்கலைங்க. என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நான் ஏதாவது சொல்லுவேன்னு நின்னிருப்பாளாட்ட இருக்குது. நான் வெத்தலையை எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். அஞ்சு வருசமா அந்தப் பக்கம் நான் பாக்கலைங்க. கேக்கவும் இல்லை. பற்றில்லாம இருக்கறேன்னு நெனைச்சேன். பயமுங்க தம்பி. அது பயம். வெள்ளிக்கெழமை அத்தனை பேருக்கு அத்தனை சொன்னேன், அவளுக்கு வலிச்சுதான்னு ஒரு வார்த்தை கேக்கலை.

என்னங்க தம்பி, இத்தனை நேரமாவா? தொடுங்க. விரல்ல தொடுங்க, குதிங்கால்ல தொடுங்க. பதிலும் பேச மாட்டேங்கறீங்க. நான் இன்னும் கண்ணைத் தொறக்கலை. எங்க, இன்னும் நீங்க...

ஏ பாவாத்தா.

எப்ப வந்தே?

டீ வாங்கிட்டு இப்பத்தான்... இல்லை, இரு. என்ன பண்றே நீ அங்க? ரெண்டு கையிலயும் காலைப் புடிச்சு மடியில வெச்சிட்டிருக்கறயே. எத்தனை நேரமாப் புடிச்சிட்டிருக்கறே? தம்பி, நீங்களாவது சொல்லப்படாதுங்களா? அப்பவே இருந்தாளா? நான் கண்ணை மூடுனப்பவே இருந்தாளா?

எல்லாம் கேட்டுப்போட்டயா?

தெரியலை பாவாத்தா. இந்தக் காலுலயும் ஒண்ணும் தெரியலை. நீ புடிச்சிருக்கறது எனக்குத் தெரியவே இல்லை.

அழுவாதே. விடாதே, அப்படியே புடிச்சிரு. இல்லை, ஒரு நிமிசம் விட்டுட்டு இங்க வா. இந்தக் கயிறை அவுத்துரு. முடிச்சு எறுகிக் கெடக்குது, பல்லுல கடிச்சு இழு. ஆங். உனக்கு அன்னிக்கு வலிச்சுதா? நெம்ப வலிச்சுதா? செரி, இப்பச் சொல்ல வேண்டாம். பொறவு வூட்டுக்குப் போயிச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்.

மணி நாலாகப் போகுதா? தம்பி, அந்தப் பேனாவை எடுங்க. இல்லீங்க, அவகிட்டக் குடுக்காதீங்க. எங்கிட்டக் குடுங்க.